“உங்களுக்கு” என்றால் யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, அவற்றில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கண்டேன். தேவன் நம்மைப் பராமரிக்கிறார் என்று ஞாயிறுதோறும் பாடுகிறோம்; மாதக் கடைசியில் அரிசிப் பானை காலியாகும்போது அந்தப் பாட்டுக்கு என்ன பொருள் என்பதே அவர்கள் கேட்பது. ஐந்து கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, கடிதங்களையும் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். திருமணமாகி ஓர் ஆண்டு ஆகிறது. சம்பளத்தில் ஒரு பகுதியை ஆயுள் காப்பீட்டுக்குக் கட்டி வருகிறேன். எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் அண்ணன், “ஆகாயத்துப் பட்சிகள் களஞ்சியங்களில் சேர்த்துவைக்கிறதில்லை, பாலிசி எடுப்பது கர்த்தரை நம்பாததற்கு அடையாளம்” என்கிறார். பாலிசியை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம், தம்பி. அந்த அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் மத்தேயு 6:26 சொல்லாத ஒன்றை அந்த வசனத்தின் மேல் ஏற்றிவிட்டார். பறவைகள் விதைப்பதில்லை, அறுப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னாரே தவிர, அவை கூட்டுக்குள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்று சொல்லவில்லை. விடியுமுன்பே இரை தேடக் கிளம்பிவிடும் குருவியைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

நம் வேதாகமத்தில் “கவலைப்படாதிருங்கள்” என்று வருகிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது “மெரிம்னாவோ” என்ற வினைச்சொல். அதே வினைச்சொல்லைப் பவுல் 1 கொரிந்தியர் 12:25-இல் நல்ல பொருளில் எடுத்தாளுகிறார்: சரீரத்தின் அவயவங்கள் ஒன்றைக்குறித்து ஒன்று கவலையாயிருக்க வேண்டும் என்பதற்காகவே தேவன் சரீரத்தை இப்படி அமைத்தார் என்கிறார். ஆகவே ஓரிடத்தில் விலக்கப்பட்ட அதே காரியம் இன்னோரிடத்தில் கடமையாகிறது. என் சாப்பாடு, என் உடை, என் நாளை என்று மனம் தன்னையே சுற்றிச் சுழல்வதை ஆண்டவர் தடுக்கிறார்; அடுத்தவருடைய பசியைக் குறித்த அக்கறையை அவர் எங்கும் தடுக்கவில்லை. நீங்கள் கட்டுகிற தவணையின் பயன், நீங்கள் இல்லாத ஒரு நாளில் உங்கள் மனைவியின் கைக்குப் போய்ச் சேர்வது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

யோசேப்பு எகிப்தில் ஏழு ஆண்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தார். அவரை அவிசுவாசி என்று எவரும் சொன்னதில்லை. லூக்கா 12-ஆம் அதிகாரத்து ஐசுவரியவானும் களஞ்சியம் கட்டத்தான் நினைத்தான். தேவன் அவனை “மதிகேடனே” என்று அழைத்தார். இரண்டு பேரும் செய்தது சேமிப்பே. யோசேப்பின் களஞ்சியத்தின் கதவு பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்குத் திறந்தது. மற்றவன் தன் ஆத்துமாவோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தான். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: ஐந்து பாலிசிகளை வைத்துக்கொண்டு இரவில் தூக்கமில்லாமல் புரண்டவரையும் என் ஊழியத்தில் சந்தித்திருக்கிறேன். காகிதம் கவலையைத் தீர்க்கும் என்று நினைத்து ஆறாவது பாலிசிக்குப் போக வேண்டாம்.

கேள்வி: என் கணவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் தனியார் நிறுவன வேலையை விட்டுவிட்டு “விசுவாச ஊழியத்துக்கு” வந்தார். என்னிடம் கேட்கவில்லை; முடிவு செய்துவிட்டுச் சொன்னார். மளிகைக் கடைப் பற்று ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இரண்டு தவணை பாக்கி. நான் தையல் வேலைக்குப் போகிறேன் என்றால், “எலியாவைக் காகங்களைக் கொண்டு போஷித்தவர் நம்மைப் போஷிக்கமாட்டாரா? ஜார்ஜ் முல்லர் யாரிடமாவது கேட்டாரா?” என்கிறார். நான் அவிசுவாசியா, ஐயா?

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் கணவர் முல்லரைச் சாட்சியாக அழைத்திருப்பதால், அந்தச் சாட்சியையே முழுமையாக விசாரித்துவிடுவோம்.

ஜார்ஜ் முல்லர் 1805-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஒரு சிறு சபைக்குப் போதகராக இருந்தபோது, 1830-இல், தமக்கென்று குறிக்கப்பட்ட சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதை நம் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். காரணத்தைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்தச் சம்பளம் ஆலய இருக்கைகளுக்கு வசூலிக்கப்பட்ட வாடகையிலிருந்து வந்தது. பணமுள்ளவர் நல்ல இடத்தில் உட்காரவும் ஏழை பின்னால் ஒதுங்கவும் வழிசெய்யும் அந்த ஏற்பாடு, யாக்கோபு 2-ஆம் அதிகாரத்துக்கு விரோதமானது என்பது அவர் மனதை உறுத்தியது. எனவே அந்தத் துணிவுக்குள் ஏழையைக் குறித்த ஒரு வெட்கம் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் அவர் மேரி குரோவ்ஸ் அம்மையாரை மணந்திருந்தார். அந்த அம்மையாரும் மனமொத்தே அந்த முடிவில் நின்றார். முதல் வேறுபாடு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1836-இல் பிரிஸ்டல் நகரின் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் அநாதைப் பெண்பிள்ளைகளுக்கான முதல் இல்லத்தைத் திறந்தார். பிறகு ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய இல்லங்கள் எழும்பின. 1870-இல் அவற்றில் இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல் தங்க இடம் இருந்தது. 1898-இல் அவர் மரிக்கும்வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்தார்கள். எவரிடமும் பணம் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்காததோடு அவர் நிற்கவில்லை, கடனும் வாங்கவில்லை. ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்கிற ரோமர் 13:8-ஐ அவர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். 1838-இல் பணமுடை இறுகியபோது, ரொட்டிக்கும் பாலுக்கும் வாரம் ஒருமுறை கணக்குத் தீர்க்கும் வழக்கத்தையே நிறுத்திவிட்டு, வாங்கும்போதே காசு கொடுப்பது என்று முடிவெடுத்தார். வார இறுதியில் கொடுக்க முடியாமற்போனால் அது கடைக்காரருக்குச் செய்யும் அநியாயம் ஆகிவிடுமே என்பது அவர் அச்சம். மளிகைக் கடைப் பற்றுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முல்லரைத் துணைக்கு அழைப்பது பொருந்தாது என்பதை உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அந்தக் கடைக்காரர் உங்கள் வீட்டின் விசுவாசத்துக்குத் தம் முதலைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அதே 1838-இல் நடந்த இன்னொன்றையும் முல்லர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கையிருப்பு தீர்ந்த நிலையில் உடன் ஊழியர்களைக் கூட்டி நிலைமையைச் சொல்லி ஜெபித்தபோது, அவர்களில் ஒருவர் தம்மிடமிருந்த சொற்பப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தார். கையில் உள்ளதைக் கொடுக்காமல் தேவனிடம் கேட்பது நேர்மையாகாது என்பது அவர் சொன்ன காரணம். இந்தப் பேர் தெரியாத ஊழியர்தான் எனக்கு அந்த வரலாற்றில் மிகவும் பிடித்தவர். உங்கள் கணவரின் கையில் இருப்பது என்ன? கற்ற தொழிலும், நல்ல உடம்பும், அவற்றோடு வேலைக்குப் போக முன்வருகிற மனைவியும். இவை மூன்றையும் கட்டிவைத்துவிட்டுக் காகத்தை எதிர்பார்ப்பது விசுவாசமா, கீழே குதி என்று பிசாசு சொன்னபோது ஆண்டவர் ஆலயத்து உப்பரிகையின்மேல் நின்று மறுத்த அந்தப் பரீட்சையா என்று அவர் தனித்திருந்து யோசிக்கட்டும். பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணித்தான் பிழைத்தார். அதனால் அவருடைய அப்போஸ்தல ஊழியம் அரை ஊழியமாகிவிடவில்லை.

நம் வேதாகமத் தமிழில் எனக்குப் பிரியமான ஒரு சொல் “விசாரித்தல்.” இன்று அந்தச் சொல் காவல் நிலையத்தை நினைவூட்டுகிறது, ஆனால் ஊர்ப்பக்கத்தில் சுகம் விசாரிப்பது, நோயாளியை விசாரித்து வருவது என்ற வழக்கு இன்னும் சாகவில்லை. “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்று பேதுரு எழுதுகிறார். தன் வீட்டாரை “விசாரியாமற்போனால்” ஒருவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. மூல மொழியில் இவை வேறு வேறு சொற்கள். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டார்கள், நன்றாகவே போட்டார்கள். தேவன் உங்கள் பிள்ளைகளை விசாரிப்பதற்கு முதலில் ஏற்படுத்தியிருக்கும் ஆள் அவர்களுடைய தகப்பன்.

தையல் வேலைக்குப் போங்கள். ஆனால் சண்டையாக அல்ல. உங்கள் சபை ஆயரையோ, கணவர் மதிக்கிற ஒரு மூத்த ஊழியரையோ வீட்டுக்கு அழைத்து, பற்றுப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, மூவரும் சேர்ந்து பேசுங்கள்.

கேள்வி: தொலைக்காட்சியில் ஒரு ஊழியர், ஒரு மாதச் சம்பளத்தை “விதைக் காணிக்கையாக” அனுப்பினால் நூறு மடங்கு திரும்பி வரும் என்றார். ஏழை விதவையின் இரண்டு காசையும் மல்கியா 3:10-ஐயும் காட்டினார். கடனில் இருக்கிறோம். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். முதலில் கடனை அடையுங்கள்.

மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் அந்த விதவை வருவதற்குச் சற்று முன்னால் 40-ஆம் வசனத்தை வாசித்துப் பாருங்கள். “விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம்” பண்ணுகிற வேதபாரகரைக் குறித்து எச்சரித்துவிட்டுத்தான் ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறார். அவளுடைய மனதை அவர் மெச்சினார். அவளிடமிருந்து அதைக் கறந்தவர்களை மெச்சவில்லை. அவளுக்கு நூறு மடங்கு திரும்பி வந்தது என்றும் அங்கே எழுதப்படவில்லை.

மல்கியாவோ, “என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி” தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்கிறார். அந்த ஆகாரத்தில் யாருக்குப் பங்கு இருந்தது? உபாகமம் 14:28, 29 சொல்கிறபடி, மூன்றாம் வருடத்துத் தசமபாகம் லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைவதற்காக ஊர்வாசலில் வைக்கப்பட்டது. அந்தச் சட்டப்படி பார்த்தால், கடனில் தவிக்கிற உங்கள் குடும்பம் அந்தப் பண்டசாலையிலிருந்து வாங்கவேண்டிய வரிசையில் அல்லவா நிற்கிறது? பவுலும் காணிக்கை கேட்டார். எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகக் கேட்டார், அதற்கு வனாந்தரத்தில் தேவன் அன்றாடம் கொடுத்த மன்னா என்ற உணவை உதாரணம் காட்டினார்: மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை. மன்னாவில் நூறு மடங்கு என்ற பேச்சே இல்லை. தலைக்கு ஓர் ஓமர் அளவு, மறுநாளுக்கு என்று ஒளித்துவைத்தால் புழு.

கேள்வி: என் கணவர் சிறுநீரகம் செயலிழந்து நாற்பத்தொன்றாம் வயதில் இறந்துபோனார். ஊரே ஜெபித்தது. இரண்டு பெண்பிள்ளைகள். அவர் போன முதல் ஆறு மாதத்தில், சில இரவுகள் பிள்ளைகளைக் கஞ்சிகூட இல்லாமல் படுக்க வைத்தேன். சபையார் வந்தார்கள், “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடக்க ஆராதனையில் சங்கீதம் 37:25-ஐ வாசித்தார்கள்: “நீதிமான் கைவிடப்பட்டதையும், அவன் சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிகிறதையும் நான் காணவில்லை.” அந்த வசனம் பொய்யா? இல்லை, நாங்கள் நீதிமான்கள் இல்லையா?

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசைமேல் வைத்திருந்தேன். பதிலுக்கு முன்னால், சபை என்று பேர் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் எல்லோருக்காகவும் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வசனம் பொய்யல்ல; நீங்கள் தள்ளப்பட்டவரும் அல்ல. அந்த வசனத்தை ஒரு வரியோடு நிறுத்தி வாசித்ததுதான் தவறு. அடுத்த வசனம், 26, இப்படிச் சொல்கிறது: “அவன் நித்தம் இரங்கிக் கடன்கொடுக்கிறான்.” தாவீது இங்கே வர்ணிப்பது, நீதிமான்கள் நித்தமும் இரங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் ஊரை. அறுவடையில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது என்று உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் கட்டளையே இருந்தது. தாவீதுக்கு இது ஏட்டில் படித்த சட்டம் அல்ல. அவருடைய பாட்டனாகிய ஓபேதைப் பெற்ற ரூத், புருஷனை இழந்து, மாமியாரோடு வெறுங்கையாய்ப் பெத்லகேமுக்கு வந்து, போவாசின் வயலில் கதிர் பொறுக்கித்தான் இரண்டு வயிற்றைக் கழுவினாள். போவாஸ் தன் வேலைக்காரரிடம், அவளுக்காக அரிகளில் சிலதை வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னான். நீதிமானின் சந்ததி இரந்து திரிவதைக் காணவில்லை என்று தாவீதால் பாட முடிந்ததற்குப் பின்னால், இரந்து திரிய வைக்காமல் கதிரைச் சிந்தவிட்ட ஒரு வயற்காரன் இருந்தான். அந்த ஊரில் போவாஸ் இல்லாதிருந்தால் அந்தச் சங்கீதமும் இருந்திருக்காது.

எனவே அந்த வசனத்தை உங்கள் முன்னால் வாசித்தவர்கள், அதைத் தங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்து வாசித்திருக்க வேண்டும். “சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று வாயால் சொல்லிவிட்டு வேண்டியதைக் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்டது, “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்ட எங்களைப் பார்த்துத்தான்.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இன்று “நீங்கள்” என்றால் மரியாதைக்காக ஒருவரையே சொல்கிறோம். நம் பழைய மொழிபெயர்ப்பில் அப்படி அல்ல; ஒருவனை “நீ” என்றும், தேவனை “நீர்” என்றும், பலரை மட்டுமே “நீங்கள்” என்றும் அழைக்கும். “இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்” என்று மத்தேயு 6:33-இல் வருகிற “உங்களுக்கு” தனி ஆளுக்குச் சொன்னது அல்ல. சேர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்குச் சொன்னது. அதே மலைப்பிரசங்கத்தில் கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்றுதான் இருக்கிறது; “எனக்கு” என்ற சொல் அந்த ஜெபத்தில் ஓரிடத்திலும் இல்லை. உங்கள் பிள்ளைகள் பசியோடு படுத்த இரவுகளில், உங்கள் தெருவிலேயே அந்த ஜெபத்தைச் சொல்லிவிட்டு நிறைந்த வயிற்றோடு படுத்தவர்கள் இருந்தார்கள். ஆகாரம் அந்த ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது. உங்கள் வீட்டு வாசலுக்கு வரவில்லை. இதற்குத் தேவன்மேல் குற்றம் சுமத்துவதற்கு முன்னால் நாங்கள் எங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும்.

ஆனால் உங்கள் கணவரின் மரணத்துக்கு இந்தப் பதில் போதாது என்று எனக்குத் தெரியும். சிறுநீரகத்தைச் சபையார் பங்கிட்டுக் கொடுத்திருக்க முடியாது என்று நீங்கள் கேட்டால், அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் வைத்திருப்பதாகச் சொல்கிறவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள். வேதம் இதை மறைக்கவில்லை என்பதை மட்டும் காட்ட முடியும். எலியாவைக் காகங்கள் போஷித்த கதையைச் சொல்கிறவர்கள் அடுத்த வரியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள்: நாட்டில் மழையில்லாததால் கேரீத் ஆறு வற்றிப்போயிற்று. தேவன் அனுப்பிய இடத்தில் இருந்த தீர்க்கதரிசியின் ஆறே வற்றியது. “என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்” என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார். அதே கடிதத்தில் பட்டினியாயிருக்கவும் தான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபின், 1951-இல் கண்மூடும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அவருடைய சுகத்துக்காக ஜெபித்தவர்களுக்குக் குறைவில்லை. அடைக்கலான் குருவி விழாது என்று ஆண்டவர் சொல்லவில்லை. பிதா இல்லாமல் விழாது என்றுதான் சொன்னார். அந்த வித்தியாசம் துக்கத்தைக் குறைக்காது. விழுந்தது தண்டனையால் அல்ல, மறக்கப்பட்டதால் அல்ல என்று சொல்லும் அளவுக்கு இடம் கொடுக்கும். எனக்கு அந்த இடம் போதுமானதாக இருந்திருக்கிறது. உங்களுக்கு இன்று அது போதவில்லை என்றால் அதைப் பாவம் என்று எண்ண வேண்டாம். ஆபகூக் “அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்” என்று பாடுவதற்கு முன், “கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன்” என்றுதான் தன் புத்தகத்தைத் தொடங்குகிறார்.

நடைமுறையாக ஒரு காரியம். தமிழ்நாட்டு அரசின் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? இல்லையென்றால் கணவரின் இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு அருகிலுள்ள இ-சேவை மையத்துக்குப் போய்த் தகுதி விவரங்களைக் கேளுங்கள். அரசிடம் வாங்குவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்தது மோசேயின் சட்டம் அசுத்தம் என்று ஒதுக்கிய ஒரு பறவை என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். உங்கள் ஆயருக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு கிராமச் சபையின் கமிட்டி உறுப்பினர். என் தாயார் காலத்தில் பிடி அரிசி எடுக்கும் வழக்கம் இருந்தது; இப்போது நின்றுவிட்டது. எங்கள் சபையில் கஷ்டப்படுகிற ஏழெட்டுக் குடும்பங்கள் உண்டு. எல்லோரும் நடுத்தரத்துக்குக் கீழேதான். பெரிய நிதி திரட்ட முடியாது. எங்கே தொடங்குவது?

பதில்: உங்கள் தாயார் விட்ட இடத்திலேயே தொடங்குங்கள். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவருவதற்குப் பணக்காரராயிருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடந்ததில்லை என்பதை அனுபவப்பட்ட எந்தப் பாட்டியம்மாளும் சொல்வார்.

ஜெர்மனியில் ஹாலே நகரை ஒட்டிய கிளவுக்கா என்ற ஏழை ஊரில் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற போதகர் இருந்தார். வாரந்தோறும் தம் வாசலுக்கு வரும் ஏழைகளுக்காக 1695-இல் தம் வீட்டில் ஒரு உண்டியல் வைத்து, தன் சகோதரனுக்குக் குறைச்சலுண்டென்று கண்டும் இருதயத்தை அடைத்துக்கொள்கிறவனைப் பற்றிய 1 யோவான் 3:17-ஐ அதன்மேல் எழுதிவைத்தார். அந்த ஆண்டு ஈஸ்டரை ஒட்டி ஒரு பெண்மணி அதில் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் போட்டார். பிராங்கேக்கு அந்தப் பணம் பெரிய மூலதனமாகத் தெரிந்தது. புத்தகங்கள் வாங்கி, ஒரு மாணவரை அமர்த்தி, ஏழைப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பாடம் தொடங்கினார். அதிலிருந்து பள்ளிகளும் அநாதை இல்லமும் பெருகின. அந்த ஹாலேயில் படித்த சீகன்பால்கு என்ற மிஷனெரி 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடிக்கத் தமிழ் எழுத்துகளை வார்த்து 1713-இல் அனுப்பியதும் ஹாலேதான். மேலே சொன்ன முல்லரும் அதே ஹாலேயில் படித்து, பிராங்கே எழுப்பிய கட்டடங்களில் சில காலம் தங்கியவர்தான். ஒருவர் உண்டியல் வைத்தார், மற்றவர் கேட்கவே மாட்டேன் என்றார். இருவரில் யார் முறை வேதத்துக்கு ஒத்தது என்று வழக்காடுவதில் எனக்கு விருப்பமில்லை. இருவரும் கணக்கை வெளிப்படையாக வைத்தார்கள்.

நீங்களும் கணக்கில் கண்டிப்பாயிருங்கள். கொரிந்தியரின் தர்மப் பணத்தைக் கொண்டுபோக, ஒருவரும் குற்றப்படுத்தாதபடி, நம்பிக்கையான ஆட்களைப் பவுல் கூட அனுப்பினார். எருசலேம் சபையில் கிரேக்கரின் விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்பட்டார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் அதைத் தட்டிக்கழிக்காமல் ஏழு பேரை நியமித்தார்கள். உங்கள் ஊரிலும் விடுபட்டுப்போகிறவர்கள் இருப்பார்கள்: கமிட்டியாருக்கு உறவு இல்லாதவர்கள், ஆலயத்துக்கு ஒழுங்காய் வராதவர்கள், கடைசித் தெருக்காரர்கள். பட்டியலை அவர்களிலிருந்து தொடங்குங்கள். வாங்குகிறவர்களின் பெயரை ஆலயத்தில் வாசிக்காதீர்கள். புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கொடுக்கும் வேலையை இரண்டு பெண்களிடம் விடுங்கள். சனிக்கிழமை இருட்டியபிறகு, சுகம் விசாரிக்கப் போவதுபோலப் போய், பையை அடுப்படியில் வைத்துவிட்டு வரட்டும்.